மலையிலிருந்து இறங்கி ஆபரேஷனுக்குப் போகிறவர்கள் மூட்டை கட்டுவது எப்படி: முழுமையான வழிகாட்டி

நீலகிரி மலையில் இருக்கும் எங்கள் கோத்தகிரியிலிருந்து கோயம்புத்தூருக்கு 70 கிலோமீட்டர்தான். ஆனால் தையல் போட்ட உடம்போடு திரும்பி வரும்போது அது வேறு தேசத்திலிருந்து வருவது மாதிரி இருக்கும். அங்கே வெயில், இங்கே குளிர். அங்கே லிஃப்ட், இங்கே பாசி பிடித்த படிக்கட்டு.

அம்மாவுக்கு முழங்கால் மூட்டு மாற்று, அத்தைக்குப் பித்தப்பை, பக்கத்து வீட்டுப் பெரியவருக்குக் கண் என்று மூன்று முறை உடன் போய்த் தங்கியிருக்கிறேன். அதற்கப்புறம் எங்கள் பக்கத்தில் யார் ஆபரேஷனுக்குப் போனாலும் முந்தின வாரம் அவர்கள் வீட்டுக்குப் போய் ஒரு பார்வை பார்ப்பேன். எல்லோரும் தடுமாறுவது ஒரே இடத்தில். ஆஸ்பத்திரிக்குப் போகும் நாளுக்கு மூட்டை கட்டுகிறார்கள், நடக்க முடியாதவரோடு மலையேறி வரும் நாளை மறந்துவிடுகிறார்கள்.

அதனால் இங்கே வரிசை தலைகீழாக இருக்கும். திரும்பி வருவதும் வீடும் முதலில், அப்புறம் காகிதமும் மருந்தும், துணிமணி கடைசியில். தேதிக்கு மூன்று வாரம் முன்பே தொடங்குங்கள். நாள் குறித்துச் செய்யும் ஆபரேஷனுக்கு மட்டும்தான் இது. அவசரம் என்றால் எதையும் தேடாமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.

1. "எப்போது மலையேறலாம்?" என்று முதலில் கேளுங்கள்

அதற்கும் முன்னால் ஒரு கேள்வி உண்டு: கீழே போகத்தான் வேண்டுமா? ஊட்டியில் 700 படுக்கைகளோடு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை 2025 ஏப்ரலில் திறக்கப்பட்டிருக்கிறது. உங்களுக்கு வேண்டிய ஆபரேஷன் அங்கேயே நடக்குமா என்று ஒரு நடை விசாரித்துவிட்டு, அப்புறம் கீழே நாள் குறியுங்கள்.

கீழே போவது என்று முடிவானால், டாக்டரிடம் வீடு எங்கே இருக்கிறது என்று நீங்களாகச் சொல்லுங்கள். "நாலாம் நாள் வீட்டுக்குப் போகலாம்" என்று அவர் சொல்லும்போது அவர் மனதில் இருப்பது காந்திபுரத்திலோ பீளமேட்டிலோ இருக்கும் ஒரு வீடு. கோயம்புத்தூர் சுமார் 400 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, ஊட்டி 2,240 மீட்டரில். இடையில் இரண்டு மூன்று மணி நேர வளைவுப் பாதை. "வீடு மலையில், ஏறித்தான் போகணும், எத்தனை நாள் கழித்துப் போகலாம்?" என்று இதே வார்த்தைகளில் கேளுங்கள்.

கண் ஆபரேஷனில் இந்தக் கேள்வி பார்வையையே காப்பாற்றும். விழித்திரை விலகலுக்குச் செய்யும் ஆபரேஷனில் சில சமயம் கண்ணுக்குள் வாயுவை நிரப்பிவிடுவார்கள். மேலே ஏற ஏற வெளிக் காற்றின் அழுத்தம் குறையும், உள்ளே இருக்கும் வாயு விரியும், கண்ணழுத்தம் ஏறிப் பார்வை நிரந்தரமாகப் போய்விடலாம். விமானத்தில் போகாதீர்கள் என்று எல்லா நோயாளிகளுக்கும் சொல்வார்கள். மலையேறாதீர்கள் என்று சொல்ல, நாம் மலைக்காரர் என்று அவர்களுக்குத் தெரிய வேண்டும்.

வாயுவின் வகையைப் பொறுத்து அது கரைய இரண்டு வாரமும் ஆகலாம், இரண்டு மாதமும் ஆகலாம். டாக்டர் பார்த்துச் சொல்லும்வரை கீழேயே தங்க வேண்டும். வாயுவுக்குப் பதில் சிலிகான் எண்ணெய் வைத்தால் இப்படி விரியாது. எது பொருந்தும் என்பது டாக்டரின் முடிவு, ஆனால் மலை வீடு என்பது ஆபரேஷனுக்கு முன்பே அவர் காதில் விழ வேண்டும். சாதாரணக் கண்புரை ஆபரேஷனில் வாயு வைப்பது வழக்கமில்லை, அதற்குப் பயப்பட வேண்டாம்.

பக்கத்து வீட்டுப் பெரியவருக்கு நடந்தது இதுதான். டிஸ்சார்ஜ் ஆகும் அன்று காலையில்தான் நர்ஸ் "வீடு எங்கே ஐயா?" என்று கேட்டார். ஊர்க்கார வண்டி வாசலில் நிற்கிறது. அவரிடம் மாற்றுத் துணி ஒன்றுகூட மிச்சமில்லை. அன்று மதியம்தான் அறை தேடி அலைந்தோம். நெஞ்சு, நுரையீரல் ஆபரேஷன் ஆனவர்களும் இதே கேள்வியைக் கேட்க வேண்டும். நுரையீரலைச் சுற்றிக் காற்று தங்கியிருந்தால் அதுவும் உயரத்தில் விரியும்.

அடுத்தது தையல். மூட்டு மாற்றுக்குப் பெரும்பாலும் 10 முதல் 14 நாளுக்குள் பிரிப்பார்கள். அதை நம்மூர் அரசு மருத்துவமனையில் பிரிக்கலாமா, கடிதம் தருவார்களா, அல்லது கீழேதான் வர வேண்டுமா என்று கேளுங்கள். கீழேதான் என்றால், இடையில் ஒருமுறை ஏறி மறுபடி இறங்குவதைவிடத் தங்கிவிடுவது உடம்புக்கு நல்லது. இந்தப் பதில்கள் கிடைத்த பிறகுதான் மொத்தம் எத்தனை நாளுக்கு மூட்டை கட்டுகிறோம் என்பதே தெரியும்.

2. வீட்டைத் தயார் செய்யுங்கள்

இதற்கு இரண்டு வாரம் வேண்டும். உடன் போகிறவர் ஆஸ்பத்திரியில் இருக்கும்போது வீட்டில் ஆணி அடிக்க ஆள் இருக்காது.

ரோட்டிலிருந்து வாசல்வரை படிகளை எண்ணுங்கள். எங்கள் பக்கம் பாதி வீடுகள் ரோட்டுக்குக் கீழே இருக்கின்றன. அப்படியென்றால் நோயாளி வந்து இறங்கியதும் முதல் வேலையே படி இறங்குவது. எங்கள் வீட்டுக்கு 38 படி, பாதிக்குக் கைப்பிடி இல்லை. இந்தக் கணக்கை எழுதிக்கொண்டு போய் பிசியோதெரபிஸ்டிடம் சொல்லுங்கள். அதற்கேற்ற பயிற்சியை டிஸ்சார்ஜுக்கு முன்பே கொடுப்பார். ஏறும்போது நல்ல கால் முன்னே, இறங்கும்போது ஆபரேஷன் செய்த கால் முன்னே. இது நோயாளிக்கு மட்டுமல்ல, பிடித்துக்கொள்கிறவருக்கும் மனப்பாடமாக வேண்டும்.

படிகளில் பாசி இருந்தால் பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்த்துக் கழுவுங்கள். மழை, பனிக் காலத்தில் வாக்கரின் ரப்பர் முனை பாசியில் வழுக்கிக்கொண்டு போகும். கைப்பிடி இல்லாத இடத்தில் ஜிஐ பைப் ஒன்றை நட்டுவிடலாம். அதுவும் முடியாவிட்டால், கை வைத்த உறுதியான மர நாற்காலி ஒன்றும் தூக்க நாலு பேரும். யார் அந்த நாலு பேர் என்று பெயர் சொல்லிப் பேசி வைத்துக்கொள்ளுங்கள். "பசங்க இருப்பாங்க" என்று நம்பிப் போனால், வேலை நாளில் அத்தனை பேரும் தோட்டத்தில் இருப்பார்கள்.

கழிப்பறை வெளியே இருந்தால், அல்லது குந்தி உட்காரும் வகை என்றால், கமோட் நாற்காலி வாங்கி வீட்டுக்குள் போட்டுவிடுங்கள். புது மூட்டோடு குந்தக் கூடாது. கட்டிலும் உயரமாக இருக்க வேண்டும். தாழ்ந்த கட்டிலுக்குக் கீழே மரக்கட்டை வைக்கும்போது ஆடாமல் நிற்கிறதா என்று நீங்கள் ஏறி உட்கார்ந்து பாருங்கள். வாக்கர் நுழைகிற அளவுக்குக் கதவு அகலம் இருக்கிறதா என்றும் அளந்துவிடுங்கள். இதை மறந்துவிட்டு, வந்த இரவில் நிலைக்கதவு முன் நின்ற குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன்.

வீட்டைப் பூட்டிவிட்டு எல்லோரும் போகிறீர்கள் என்றால் எண்ணெய், வெல்லம், மாவு எதையும் உள்ளே விட்டுப் போகாதீர்கள். கரடி வாசனை பிடித்துக் கதவை உடைக்கும், இது நம் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். மாடு, நாய், கோழிக்கு ஆள் சொல்லிவிடுங்கள். தேயிலை இருந்தால் அடுத்த சுற்றுப் பறிப்பை யார் பார்ப்பது, ஃபேக்டரிக்கு யார் அனுப்புவது என்பதையும் பேசி முடியுங்கள். ஆஸ்பத்திரியில் கிடக்கிறவர் கொழுந்து முற்றிப்போவதை நினைத்துக்கொண்டிருந்தால் அவருக்குத் தூக்கம் வராது.

3. காகிதமும் பணமும்

எல்லாவற்றையும் ஒரே ஃபைலில் வையுங்கள். ஆதார், ரேஷன் கார்டு, இன்சூரன்ஸ் கார்டு, பழைய டிஸ்சார்ஜ் சம்மரிகள், ரத்தப் பரிசோதனை முடிவுகள், ஈசிஜி, எக்ஸ்ரே ஃபிலிம், ஜெராக்ஸ் ஐந்து செட், பாஸ்போர்ட் அளவு போட்டோ நாலு. எக்ஸ்ரே ஃபிலிமை மடிக்காதீர்கள், தனி உறையில் வையுங்கள்.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில், ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்கு உட்பட்ட குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய்வரை காப்பீடு உண்டு. நம்மிடம் கார்டு இருக்கிறது என்பது போதாது. நாம் போகும் ஆஸ்பத்திரி பட்டியலில் இருக்கிறதா, செய்யப்போகும் சிகிச்சைக்கு அந்த ஆஸ்பத்திரியில் அனுமதி உண்டா என்று அங்கே இருக்கும் காப்பீட்டுப் பிரிவில் நேரில் கேளுங்கள். தனியார் பாலிசி என்றால் அட்மிஷனுக்குச் சில நாள் முன்பே கம்பெனிக்குத் தகவல் கொடுங்கள். கேஷ்லெஸ் அனுமதி வரும்வரை வரவேற்பில் நாற்காலியில் உட்கார்ந்திருப்பது நோயாளிக்குப் பெரிய வேதனை.

அடிக்கடி வரும் பிழை பெயரில் இருக்கிறது. ஆதாரில் இனிஷியல் பின்னால், ரேஷன் கார்டில் முன்னால், பாலிசியில் இனிஷியலே இல்லை. இப்படி இருந்தால் மூன்று வாரம் முன்பே திருத்தப் போட்டுவிடுங்கள்.

பணத்தில் ஒரு எச்சரிக்கை. பணம் நோயாளியின் கணக்கில் இருக்கும், ஏடிஎம் பின் அவருக்கு மட்டும் தெரியும், அவர் மயக்கத்தில் இருப்பார், கவுண்டரில் கட்டச் சொல்வார்கள். முந்தின வாரமே உடன் இருப்பவரின் கணக்குக்கு மாற்றிவிடுங்கள். கையில் கொஞ்சம் ரொக்கமும் வேண்டும். மருந்துக்கடை பில் ஒவ்வொன்றையும் ஒரு கவரில் போட்டுவாருங்கள், கிளெய்முக்கு அசல்தான் கேட்பார்கள்.

4. மருந்துப் பை

சாப்பிடும் எல்லா மாத்திரைகளையும் அட்டையோடு எடுத்துப் போங்கள். டப்பாவில் கொட்டிக்கொண்டு போனால் எது எது என்று டாக்டருக்குத் தெரியாது. நாட்டு மருந்து, லேகியம், கஷாயம் எதையும் மறைக்காதீர்கள். ரத்தம் உறையாமல் இருக்கச் சாப்பிடும் மாத்திரையையும் சர்க்கரை மாத்திரையையும் எப்போது நிறுத்துவது என்று டாக்டர்தான் சொல்ல வேண்டும். நீங்களாக நிறுத்தவும் கூடாது, சொல்லாமல் தொடரவும் கூடாது.

இன்சுலின் போடுகிறவர்களுக்கு ஒரு தனி வார்த்தை. மலையில் அதை அலமாரியிலேயே வைத்துப் பழகியிருப்போம். கீழே ஏப்ரல், மே வெயிலில் அப்படி வைத்தால் வீரியம் போய்விடும். இறங்கும்போது சின்னக் கூலர் பையில் வையுங்கள், ஆனால் ஐஸ் நேராகத் தொடாமல் துணி சுற்றுங்கள். உறைந்துபோன இன்சுலினும் பயன்படாது. வண்டியின் டாஷ்போர்டில் ஒருபோதும் வைக்காதீர்கள்.

5. நோயாளியின் பை

இது சின்னப் பை. முதல் நாளும் கடைசி நாளும் தவிர மற்ற நாட்களில் ஆஸ்பத்திரி உடைதான்.

முன்பக்கம் திறக்கும் நைட்டி மூன்று, அல்லது பட்டன் சட்டையும் லுங்கியும். கையைத் தலைக்கு மேல் தூக்காமல் போடக்கூடியதாக இருக்க வேண்டும். முழங்கால் ஆபரேஷன் என்றால் கட்டு உப்பலாக இருக்கும், சுடிதார் பேண்ட் ஏறாது. பின்பக்கம் பட்டை வைத்த, வழுக்காத செருப்பு. கண்ணாடி, பல் செட்டுக்கு மூடியோடு டப்பா. காது மெஷின் இருந்தால் அதன் பேட்டரி.

ஸ்வெட்டரை அள்ளிப் போடுவது மலைக்காரர் வழக்கம். கீழே அது தேவைப்படாது. ஆனால் ஆபரேஷன் முடிந்து கண் விழிக்கும்போது ஏசியில் உடம்பு நடுங்கும், அதற்கு ஒரு கம்பளிச் சால்வையும் சாக்ஸும் போதும். திரும்பி வரும் நாளுக்கான ஸ்வெட்டர், குல்லா, மஃப்ளர் தனிப் பையில், அடியில்.

நகையை வீட்டிலேயே கழற்றுங்கள். தியேட்டரில் மின்கருவி பயன்படுத்துவதால் உடம்பில் உலோகம் இருக்கக் கூடாது. மெட்டிதான் சிக்கல். வருஷக்கணக்காகக் கழற்றாத மெட்டி வராது, சோப்பு போட்டு ஒரு வாரம் முன்பே முயன்று பாருங்கள், வராவிட்டால் ஆசாரியிடம் போய் வெட்டிவிடுங்கள். தாலியை எடுக்க மனம் வராதவர்கள் தங்கத்தை எடுத்துவிட்டு மஞ்சள் கயிறு மட்டும் கட்டிக்கொள்ளலாமா என்று நர்ஸிடம் முன்பே கேளுங்கள். நகப்பூச்சையும் அழியுங்கள். விரலில் மாட்டும் ஆக்சிஜன் கருவிக்கு நகம் தெளிவாகத் தெரிய வேண்டும்.

6. உடன் இருப்பவரின் பை

இதுதான் பெரிய பை, இதைத்தான் யாரும் கட்டுவதில்லை. நோயாளிக்குக் கட்டிலும் சாப்பாடும் கிடைக்கும், உடன் இருப்பவருக்கு ஒரு பெஞ்சு கிடைக்கும்.

பாய், போர்வை, காற்றுத் தலையணை, ஃபிளாஸ்க், எவர்சில்வர் தட்டு, டம்ளர், ஸ்பூன், எவர்சில்வர் தண்ணீர் பாட்டில், சின்னக் கத்தி, நோட்டு, பேனா, செல்போன் சார்ஜர், நீள வயர் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ். பிளக் பாயிண்ட் எப்போதும் கட்டிலுக்குப் பின்னால் இருக்கும். கொசு விரட்டி கட்டாயம், நமக்குக் கொசு பழக்கமில்லை. உடன் இருப்பவர் சாப்பிடும் பிரஷர், சர்க்கரை மாத்திரைகளையும் எண்ணி எடுத்துக்கொள்ளுங்கள். அம்மாவைப் பார்த்துக்கொள்ள வந்த சித்தி தன் மாத்திரையை மறந்துவிட்டு மூன்றாம் நாள் தலை சுற்றி விழுந்தார்.

இரவில் ஒருவருக்குத்தான் அனுமதி இருக்கும். இரண்டு பேர் முறை வைத்து மாறுவது நல்லது. நோட்டில் எந்த மருந்து எத்தனை மணிக்கு, டாக்டர் என்ன சொன்னார் என்று எழுதி வைத்தால் அடுத்து வருகிறவர் மறுபடி கேட்டு அலைய வேண்டாம்.

7. இறங்கும் நாள்

அட்மிஷனுக்கு முந்தின நாளே இறங்கிவிடுங்கள். விடியற்காலையில் வெறும் வயிற்றோடு வளைவுகளில் இறங்கி, வாந்தி எடுத்து, சோர்ந்து போய்ச் சேர்கிறவரை நானே பார்த்திருக்கிறேன். அக்டோபரிலிருந்து டிசம்பர்வரை மண்சரிவில் ரோடு எப்போது வேண்டுமானாலும் அடைபடும். மே சீசனில் ஏறுவதற்குக் குன்னூர் வழி, இறங்குவதற்குக் கோத்தகிரி வழி என்று ஒருவழிப் பாதை ஆக்குவார்கள், அதற்கும் நேரம் கூட்டிக்கொள்ளுங்கள். பட்டினி எப்போதிலிருந்து என்பதை மயக்க மருந்து டாக்டர் சொன்னபடி எழுதி வைத்து, அதையே பின்பற்றுங்கள்.

8. கீழே தங்கும் நாட்கள்

லாட்ஜ் அறை எடுக்கும்போது மூன்று விஷயம் பாருங்கள்: தரைத்தளம் அல்லது லிஃப்ட், மேலைநாட்டுக் கழிப்பறை, கஞ்சி வைக்க ஒரு அடுப்பு. ஆஸ்பத்திரிக்கு எதிரிலேயே இருந்தால் வாடகை கூடுதலாக இருந்தாலும் ஆட்டோ செலவும் அலைச்சலும் மிச்சம்.

மலையில் தாகமே தெரியாது, கீழே வந்தும் அதே அளவு தண்ணீர்தான் குடிப்போம். மலச்சிக்கல் வந்து தையலோடு முக்குவது கொடுமை. டாக்டர் தண்ணீர் அளவைக் குறைக்கச் சொல்லாத வரைக்கும் மணிக்கு ஒரு டம்ளர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

9. ஏறும் நாள்

வண்டியை நம் ஊரிலிருந்தே வரச் சொல்லுங்கள். நீலகிரிக்குள் வரும் வெளி வண்டிகளுக்கு 2024 மே மாதத்திலிருந்து இ-பாஸ் வேண்டும். உள்ளூர்ப் பதிவு வண்டிக்கு அது தேவையில்லை. கோயம்புத்தூர் டாக்ஸி என்றால் முந்தின நாளே இ-பாஸ் எடுக்கச் சொல்லுங்கள். சோதனைச்சாவடியில் நோயாளியோடு காத்திருக்கக் கூடாது. ஆஸ்பத்திரியில் சேர்ந்த சின்ன பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில்களைக் கீழேயே போட்டுவிடுங்கள், மாவட்டத்துக்குள் அவற்றுக்குத் தடை. எவர்சில்வர் பாட்டில் கொண்டுபோகச் சொன்னது இதற்கும் சேர்த்துத்தான்.

முன் சீட்டைப் பின்னால் தள்ளிச் சாய்த்து நோயாளியை அதில் உட்கார வையுங்கள், வளைவில் ஆட்டம் குறைவாகத் தெரியும். வயிற்றில் தையல் இருந்தால் ஒரு தலையணையை அணைத்துப் பிடித்துக்கொள்ளட்டும். இருமும்போதும் கொண்டை ஊசி வளைவிலும் அது தாங்கும். வாந்தி வருகிறவர் என்றால் அதற்கான மாத்திரையை டிஸ்சார்ஜ் ஆகும்போதே டாக்டரிடம் கேட்டு வாங்குங்கள். தையலோடு வாந்தி எடுப்பது எப்படி வலிக்கும் என்று அத்தை பட்டதைப் பார்த்திருக்கிறேன்.

மணிக்கு ஒருமுறை நிறுத்துங்கள். முடிந்தவர் இரண்டு நிமிடம் நிற்கட்டும், முடியாதவர் பாதத்தை மேலும் கீழும் அசைக்கட்டும். காலைத் தொங்கப்போட்டு அசையாமல் உட்கார்ந்தால் ரத்தம் கட்டிக்கொள்ளும் ஆபத்து உண்டு. மேட்டுப்பாளையம் தாண்டும் முன்பே ஸ்வெட்டரும் குல்லாவும் கைக்கு எட்டும் இடத்துக்கு வரட்டும். பாதி வழியில் டிக்கியைத் திறந்து தேடுவது பெரிய பாடு.

நாலு மணிக்குள் வீடு சேரும்படி கிளம்புங்கள். மாலையில் மூடுபனி இறங்கும், குஞ்சப்பனைப் பக்கம் பலாப்பழக் காலத்தில் யானை நிற்கும், இருட்டினால் வீட்டுப் பாதையில் காட்டுமாடு நிற்கும். வாக்கரோடு இருப்பவரால் ஒதுங்கி ஓட முடியாது.

10. வந்த முதல் வாரம்

மருந்தைக் கீழேயே முழுசாக வாங்கி வந்திருக்க வேண்டும். நம்மூர்க் கடையில் சில ஊசிகள் சொல்லி வைத்தால்தான் வரும்.

குளிருக்குக் கரி அடுப்பை மூடிய அறைக்குள் வைக்காதீர்கள். அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, தூக்கத்திலேயே உயிர் போகும். வெந்நீர்ப் பையை மரத்துப்போன இடத்தில் வைக்காதீர்கள், சுட்டது தெரியாது. இரண்டு கம்பளியும் சாக்ஸும் பாதுகாப்பு.

மறுநாளே யாராவது டிஸ்சார்ஜ் சம்மரியின் ஜெராக்ஸோடு பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய் விவரம் சொல்லட்டும். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து பிசியோதெரபி கொடுப்பதும் உண்டு, நம் ஊருக்கு எந்த நாள் வருவார்கள் என்று அப்போதே கேட்டுக்கொள்ளலாம்.

தெர்மாமீட்டர் ஒன்று வாங்கித் தினம் இரண்டு முறை பாருங்கள். காய்ச்சல், காயத்தில் சீழ் அல்லது கெட்ட வாடை, கெண்டைக்கால் ஒரு பக்கம் வீங்கி வலிப்பது, கண்ணில் திடீர் வலி என்று எது வந்தாலும் அன்றே டாக்டரிடம் பேசுங்கள். மூச்சுத் திணறினாலோ நெஞ்சு வலித்தாலோ உடனே 108. வாசல் கதவின் உட்புறம் ஒரு தாளில் நோயாளியின் பெயர், வயது, ஆபரேஷன், மருந்துகள், டாக்டரின் எண் எழுதி ஒட்டுங்கள். அதன் கீழே ஆம்புலன்ஸுக்குச் சொல்ல வேண்டிய வழியையும் எழுதுங்கள்: எந்த பஸ் ஸ்டாப், எந்தக் கோயில், ரோட்டுக்கு மேலா கீழா, எத்தனை படி.